வடக்கு பிலடெல்பியாவின் அட்வகேட் ஆலயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் திருச்சபை வரலாற்றைப் படிக்கிறவர்கள் 1974 ஜூலை 29 என்ற தேதியைத் தாண்டிப் போக முடியாது. அன்றைக்குப் பதினொரு பெண்கள் எப்பிஸ்கோப்பல் சபையின் அனுமதி இல்லாமலே அந்தச் சபையின் ஆலயம் ஒன்றில் குருப்பட்டம் பெற்றார்கள். அது நடந்த ஆலயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அந்த ஆலயமும் அதைச் சுற்றியிருந்த ஏழைத் தெருக்களும் இல்லாமல் அந்த நாளைப் புரிந்துகொள்ள முடியாது என்பதால், அந்தப் பக்கத்திலிருந்து வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எந்த ஆலயம் இது? எங்கே இருக்கிறது?

பென்சில்வேனியா மாநிலத்தின் பிலடெல்பியா நகரில், வடக்குப் பகுதியில், 18ஆம் தெருவும் டைமண்ட் தெருவும் சந்திக்கும் மூலையில் இருக்கிறது. முழுப் பெயர் ஜார்ஜ் டபிள்யூ. சவுத் மெமோரியல் சர்ச் ஆஃப் தி அட்வகேட். ஊரார் சுருக்கமாக அட்வகேட் என்பார்கள். வக்கீல்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிதாவிடம் நமக்காகப் பரிந்து பேசுகிறவர் என்று யோவானின் முதல் நிருபம் கிறிஸ்துவைச் சொல்கிறதே, அந்தப் பெயர்.

எப்பிஸ்கோப்பல் சபை என்றால் என்ன? நம் ஊரில் அதற்கு இணை உண்டா?

இங்கிலாந்து திருச்சபையிலிருந்து கிளைத்த ஆங்கிலிக்கன் குடும்பத்தின் அமெரிக்கக் கிளை. அமெரிக்கா சுதந்திரம் அடைந்த பிறகு மன்னரைத் தலைவராக ஏற்க முடியாது என்பதால் தனிச் சபையானது. பேராயர்கள் தலைமையில் இயங்கும். பெரிய தீர்மானங்களைப் பேராயர்கள் ஓர் அவையாகவும், குருமாரும் சபை மக்களும் சேர்ந்து இன்னொரு அவையாகவும் கூடும் பொது மாநாடு எடுக்கும். இந்த இரண்டு அவை விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 1974க்கு வரும்போது தேவைப்படும்.

நம் பக்கத்தில் ஆங்கிலிக்கன் சபைகள் 1947இல் மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் சபைகளோடு இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. ஆகவே சி.எஸ்.ஐ. ஆராதனைக்குப் பழகியவர்களுக்கு எப்பிஸ்கோப்பல் ஆராதனை பெரிதாக அந்நியமாகத் தெரியாது.

இவ்வளவு பெரிய ஆலயத்தை யார் கட்டினார்கள்?

ஜார்ஜ் சவுத் என்ற பணக்கார வியாபாரியின் நினைவாக அவருடைய குடும்பம் கொடுத்த பணத்தில் கட்டப்பட்டது. சார்லஸ் பர்ன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் பிரெஞ்சு கோதிக் பாணியில், பிரான்சின் அமியான் பேராலயத்தை மனதில் வைத்து வரைந்தார். 1887இல் தொடங்கிய வேலை 1897இல்தான் முடிந்தது. வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் லண்டனின் கிளேட்டன் அண்ட் பெல் நிறுவனத்தில் செய்தவை. ஒரு சாதாரண சேகர ஆலயத்துக்கு இது மிகப் பெரிய கட்டடம். பக்கத்தில் நின்று பார்த்தால், வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரு பேராலயத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்களோ என்று தோன்றும்.

ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் காலத்தில் பல ஆலயங்களில் குடும்பங்கள் இருக்கைகளுக்கு வாடகை கட்டின. நல்ல வாடகை கொடுத்தவருக்கு முன் வரிசை. அட்வகேட்டில் அந்த வழக்கம் வேண்டாம், யார் வந்தாலும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்பது தொடக்கத்திலேயே முடிவான ஒன்று. பின்னால் நடந்தவற்றை எல்லாம் 1960களின் புரட்சி வேகம் என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அந்த வட்டாரம் எப்படி மாறியது?

ஆலயம் எழுந்தபோது அது வசதியுள்ள வெள்ளையர்களின் புதுக் குடியிருப்பு. இரண்டு உலகப் போர்களின் காலத்தில் தென் மாநிலங்களின் நிறவெறிச் சட்டங்களுக்கும் பண்ணைக் கூலிக்கும் தப்பி, ஆலை வேலை தேடி, கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் வடக்கு நகரங்களுக்கு வந்தார்கள். வெள்ளையர்கள் புறநகர்களுக்குப் போனார்கள். அப்புறம் ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடின. வங்கிகள் இந்தப் பகுதி வீடுகளுக்குக் கடன் தர மறுத்தன. வேலை தேடி வந்தவர்களுக்கு மிஞ்சியது பழைய வீடுகளும் அதிக வாடகையும்தான்.

1964 ஆகஸ்ட் கடைசியில், ஆலயத்துக்குச் சில தெருக்கள் தள்ளியிருந்த கொலம்பியா அவென்யூவில் காருக்குள் இருந்த ஒரு கறுப்பினப் பெண்ணுக்கும் போலீஸுக்கும் நடந்த தகராறில் கலவரம் வெடித்தது. மூன்று நாட்கள் நீடித்தது. நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள், இருநூறுக்கும் மேற்பட்ட கடைகள் சேதமாயின. பல கடைக்காரர்கள் திரும்பி வரவே இல்லை. அதே தெருவுக்குப் பின்னாளில், சிவில் உரிமைப் போராட்ட வழக்கறிஞர் செசில் பி. மூரின் பெயர் வைக்கப்பட்டது.

இப்படி ஒரு வட்டாரத்தில் ஆலயத்தை மூடிவிட்டுப் புறநகருக்குப் போவது அன்றைக்கு ரொம்பச் சாதாரணம். நகரத்தின் பல சபைகள் அதைத்தான் செய்தன. அட்வகேட் அங்கேயே இருந்தது.

பால் வாஷிங்டன் யார்?

1962 முதல் 1987 வரை, கால் நூற்றாண்டு, இந்தச் சபையின் ஆயர். 1921இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் பிறந்தவர். பிலடெல்பியாவில் இறையியல் படித்து, ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் சில ஆண்டுகள் கல்லூரியில் பணிசெய்துவிட்டு, 1954இல் பிலடெல்பியாவுக்குத் திரும்பினார். மென்மையாகப் பேசும் மனிதர் என்றுதான் அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள்.

அவருடைய கொள்கை எளிமையானது. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்கு மட்டும் நான் ஆயர் கிடையாது, இந்தத் தெருக்களில் இருக்கிற எல்லோருக்கும் ஆயர். "இந்தத் தொழுவத்திலுள்ளவைகளல்லாமல் வேறே ஆடுகளும் எனக்கு உண்டு" என்ற இயேசுவின் வார்த்தையிலிருந்துதான் தன் வாழ்க்கை வரலாற்று நூலுக்குத் தலைப்பை எடுத்தார். பலரும் பிரசங்கத்தோடு நிறுத்திக்கொள்ளும் வசனம் அது. அவர் அதை நம்பி ஆலயத்தின் சாவியையே கொடுத்தார்.

பிளாக் பவர் கூட்டங்களுக்கும் பிளாக் பேந்தர்களுக்கும் ஆலயத்தைக் கொடுத்தாராமே? ஏன்?

ஆம், கொடுத்தார். கறுப்பின மக்கள் தங்கள் அதிகாரத்தைத் தாங்களே கையில் எடுக்க வேண்டும் என்றது பிளாக் பவர் இயக்கம்; 1968 ஆகஸ்ட் கடைசியில் அதன் தேசிய மாநாடு அட்வகேட்டில் நடந்தது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஐந்து மாதம்கூட ஆகவில்லை, நாடே கொந்தளித்துக்கொண்டிருந்தது. நகரத்தின் பல பகுதிகளிலிருந்தும் வெளியூர்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள்.

1970 செப்டம்பரில், கறுப்பினத்தவரின் தீவிர அரசியல் அமைப்பான பிளாக் பேந்தர் கட்சி, அமெரிக்காவுக்குப் புது அரசியலமைப்பு எழுதப்போகிறோம் என்று சொல்லி ஒரு மாநாட்டைப் பிலடெல்பியாவில் கூட்டியது. அதற்குச் சில நாட்கள் முன்பு போலீஸ் அந்தக் கட்சியின் அலுவலகங்களில் புகுந்து சோதனை நடத்தி, பிடிபட்ட ஆண்களைத் தெருவில் நிறுத்தி ஆடையை அவிழ்க்க வைத்தது. அந்தப் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அப்போதைய போலீஸ் கமிஷனர் பிராங்க் ரிஸ்ஸோ; அடுத்த ஆண்டே மேயர் தேர்தலில் வென்றவர். மாநாட்டின் பெரிய கூட்டங்கள் டெம்பிள் பல்கலைக்கழக அரங்கில் நடந்தன. வந்தவர்கள் பெயர் பதியவும் கூடவும் அட்வகேட் கதவைத் திறந்து வைத்தது. ரத்தக்களரியாகும் என்று பலர் பயந்த அந்த வார இறுதி அமைதியாகவே முடிந்தது.

பேந்தர்கள் சொன்ன எல்லாவற்றையும் வாஷிங்டன் ஏற்றுக்கொண்டாரா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. பேச இடம் இல்லாதவர்களுக்கு ஆலயம் இடம் தராவிட்டால் வேறு யார் தருவார்கள் என்பதுதான் அவருடைய கணக்கு. அதற்குக் கொடுத்த விலையும் சின்னதில்லை. ஆராதனைக்கான இடத்தில் அரசியலா என்று சபைக்குள்ளேயே முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள்; வெளியே கோபமும் மிரட்டலும். 1964 முதல் பென்சில்வேனியாவின் பேராயராக இருந்த ராபர்ட் டிவிட் அவருக்குப் பக்கபலமாக நின்றார். மேலிடத்தில் அப்படி ஒருவர் இருந்திராவிட்டால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

1969 மாநாட்டில் வாஷிங்டன் வெளிநடப்பு செய்தது எதற்காக?

அடிமை முறையால் லாபம் அடைந்த வெள்ளையர் சபைகளும் யூத ஆலயங்களும் கறுப்பின மக்களுக்கு 50 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று கறுப்பின உரிமைப் போராளி ஜேம்ஸ் ஃபோர்மன் அந்த ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தார். இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்டில் நடந்த எப்பிஸ்கோப்பல் சிறப்புப் பொது மாநாட்டில் அந்தக் கோரிக்கையைப் பேச எடுத்தபோது மேடையில் தள்ளுமுள்ளு ஆனது. இப்போது பேச நேரமில்லை என்ற தொனியில் விவாதம் போக, வாஷிங்டன் எழுந்து கறுப்பினப் பிரதிநிதிகளை வெளியே அழைத்துக்கொண்டு போனார். கடைசியில் மாநாடு 2 லட்சம் டாலர் தர ஒத்துக்கொண்டது. கேட்டதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆனாலும் இழப்பீடு என்ற பேச்சைக் காதால் கேட்கவே மறுத்த சபைகள் அன்று ஏராளம்.

சுவரோவியங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

இந்த ஆலயத்தில் என்னை அதிகம் யோசிக்க வைப்பவை இவைதான். கண்ணாடிச் சாளரங்களில் இருந்த புனிதர்கள், தேவதூதர்கள் எல்லோரும் வெள்ளை நிறம். கீழே இருக்கையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கறுப்பு. தங்கள் முகமே இல்லாத ஆலயத்தில் ஒரு குழந்தை கடவுளைப் பற்றி என்ன கற்றுக்கொள்ளும் என்ற கேள்வி வாஷிங்டனைக் குடைந்தது.

அதனால் வால்டர் எட்மண்ட்ஸ், ரிச்சர்ட் வாட்சன் என்ற இரண்டு கறுப்பின ஓவியர்களிடம் சுவர்கள் ஒப்படைக்கப்பட்டன. 1973 முதல் 1976 வரை பதினான்கு பெரிய ஓவியங்கள் தீட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேத வசனம்தான் அடிப்படை. படத்திலோ அடிமைக் கப்பல், ஏலம், சாட்டை, எழுச்சி, சிவில் உரிமைப் போராட்டம் வரை கறுப்பின வரலாறு. எகிப்தின் அடிமைத்தனத்தைப் பற்றிய வசனத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தால் அமெரிக்கப் பண்ணை தெரியும். அழகுக்காக வரைந்த படங்கள் இல்லை. சிலவற்றில் கோபம் அப்படியே நிற்கிறது. ஆராதனை நேரத்தில் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு. சிலுவையில் தொங்கும் ஒருவரைப் பார்த்து ஜெபிக்கிற மதத்தில் அந்தக் குறை எனக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை.

பழைய சாளரங்களை யாரும் எடுத்துப் போடவில்லை. இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன.

1974 ஜூலை 29 அன்று என்ன நடந்தது?

எப்பிஸ்கோப்பல் சபை 1970இல் பெண்களை, குருவுக்கு முந்தைய படியான டீக்கன்களாக ஏற்றது. குருவாக ஏற்கும் தீர்மானம் 1970இலும் தோற்றது, 1973இலும் தோற்றது. இரண்டாவது தோல்வி பெரிய வேதனை. ஒரு மறைமாவட்டக் குழுவுக்குள் ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தால் அதை எதிர் ஓட்டாகக் கணக்கிடும் விதி குருமாரும் மக்களும் கூடும் அவையில் இருந்தது. அந்த விதி இல்லாவிட்டால் முடிவே மாறியிருக்கும் என்று பெண்கள் தரப்பில் பலர் நம்பினார்கள். படிப்பு, பயிற்சி, தேர்வு எல்லாம் முடித்த டீக்கன் பெண்கள் இன்னும் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதற்கப்புறமும் கிடைக்கும் என்று உறுதியில்லை.

பதினொரு பேர் இனி காத்திருப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். மூன்று பேராயர்கள் முன்வந்தார்கள்: டேனியல் காரிகன், எட்வர்ட் வெல்ஸ், அப்புறம் பதவி விலகியிருந்த ராபர்ட் டிவிட். மூவரும் பொறுப்பில் இல்லாதவர்கள். வெல்ஸின் மகள் கத்ரீனா சுவான்சன் அந்தப் பதினொரு பேரில் ஒருவர். வேண்டாம் என்று சபையின் தலைமைப் பேராயரே கேட்டுக்கொண்டார். பிலடெல்பியாவின் புதிய பேராயரும் ஒப்பவில்லை. இந்த நிலையில் எந்த ஆலயம் இடம் கொடுக்கும்? வாஷிங்டன் கொடுத்தார்.

மார்த்தாள், மரியாள் திருநாள் அது. திங்கட்கிழமை. ஏறக்குறைய 2,000 பேர் திரண்டிருந்தார்கள். வரவேற்றுப் பேசிய வாஷிங்டன், பிரசவத்துக்கு ஆகஸ்ட் 10 என்று மருத்துவர் நாள் குறித்திருக்க, ஜூலை 29 அன்றே வலி முற்றிவிட்டால் தாய் என்ன செய்வாள் என்ற பொருளில் கேட்டார். ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று முறைப்படி கேட்டபோது சில குருமார் எழுந்து கடுமையாகவே பேசினார்கள். பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு ஆராதனை தொடர்ந்தது. ஹார்வர்டு பேராசிரியர் சார்லஸ் வில்லி பிரசங்கம் செய்தார். குருமாரும் மக்களும் கூடும் அவையின் துணைத் தலைவராக இருந்த கறுப்பினத்தவர் அவர்.

பதினொரு பேரில் மூத்தவர் ஜானட் பிக்கார்ட், வயது 79. 1934இல் பலூனில் அடுக்குமண்டலம் வரை, சுமார் 17 கிலோமீட்டர் உயரத்துக்கு, தானே ஓட்டிக்கொண்டு போனவர். சின்ன வயதிலிருந்து குருவாக ஆசைப்பட்டவருக்கு அவ்வளவு உயரம் ஏறிவர முடிந்தது. பலிபீடத்தின் படியேற இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

அந்தக் குருப்பட்டம் செல்லுமா?

பேராயர்கள் அவசரமாகச் சிகாகோவில் கூடி, செல்லாது என்றார்கள். அதை எதிர்த்து சார்லஸ் வில்லி தன் பதவியை உதறினார். அந்தப் பெண்களைத் திருவிருந்து நடத்த அழைத்த ஆயர்கள் சபை நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். 1976இல் மினியாபொலிஸில் கூடிய பொது மாநாடு பெண்களுக்குக் குருப்பட்டம் தரலாம் என்று முடிவெடுத்தது; 1977 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. ஏற்கெனவே பெற்றவர்களுக்கு மறுபடி பட்டம் கொடுக்கத் தேவையில்லை, அங்கீகரித்தால் போதும் என்றும் முடிவானது. அதே 1976இல் தென்னிந்தியத் திருச்சபையும் முதல் பெண் குருவுக்குப் பட்டம் கொடுத்தது.

பதினொரு பேரும் வெள்ளையினப் பெண்களாமே? அப்படியானால் இதில் அந்த வட்டாரத்துக்கு என்ன?

நியாயமான கேள்வி. அன்றைக்கே கேட்கப்பட்டது. படித்த, வெளியூர் வெள்ளையினப் பெண்களுக்காக ஓர் ஏழைக் கறுப்பினச் சபை ஏன் தன் பேரைப் பணயம் வைக்க வேண்டும்? வைத்தது. காத்திரு, இன்னும் நேரம் வரவில்லை என்ற வார்த்தையை அந்தத் தெருக்காரர்கள் தலைமுறைகளாகக் கேட்டவர்கள். இன்னொருவருக்கு அதே வார்த்தை சொல்லப்பட்டபோது எந்தப் பக்கம் நிற்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு இந்த ஆலயத்தின் மீது இருக்கும் மரியாதையில் பாதி இதனால்தான்.

பார்பரா ஹாரிஸுக்கும் இந்த ஆலயத்துக்கும் என்ன தொடர்பு?

1974 குருப்பட்ட ஆராதனையின் ஊர்வலத்தில் முன்னால் சிலுவையைத் தூக்கிப் போனவர் இவர். சன் ஆயில் கம்பெனியில் மக்கள் தொடர்பு அதிகாரி. அட்வகேட்டில் சபை மக்கள் சார்பில் மூத்த பொறுப்பாளர். திறந்த வழியில் தானும் நடந்தார். 1980இல் குருப்பட்டம், சிறைகளில் ஊழியம், 1988இல் மாசசூசெட்ஸ் மறைமாவட்டத்துக்குத் துணைப் பேராயராகத் தேர்வு. 1989 பிப்ரவரி 11 அன்று பாஸ்டனில் பட்டம் பெற்றபோது உலக ஆங்கிலிக்கன் குடும்பத்திலேயே முதல் பெண் பேராயரானார். கொலை மிரட்டல்கள் வந்ததால் போலீஸ் குண்டு துளைக்காத உடுப்பு கொடுத்தது, வேண்டாம் என்றுவிட்டார். அந்த ஆராதனையில் பிரசங்கித்தவர் பால் வாஷிங்டன். ஹாரிஸ் 2020இல் காலமானார்.

பெரிய நிகழ்ச்சிகள் சரி. சாதாரண நாட்களில் வட்டாரத்துக்கு என்ன செய்தார்கள்?

இதற்குப் பதில் ஆயரைவிட அவருடைய மனைவி கிறிஸ்டின் வாஷிங்டனிடம்தான் இருக்கிறது. 1968இல் அவர் தொடங்கிய அட்வகேட் சமூக மேம்பாட்டு நிறுவனம் இடிந்த வீடுகளைச் சீர்செய்தது, குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் புது வீடுகளும் கட்டியது. பசித்து வந்தவர்களுக்குச் சாப்பாடு போடும் கூடத்தையும் அவர்தான் ஆரம்பித்தார். வரலாற்று நூல்கள் மாநாடுகளைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகின்றன. சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒரு வரி கொடுத்தால் அதிகம். அந்தத் தெருவில் இருந்தவர்கள் ஆலயத்தை நம்பியதற்குக் காரணம் அந்தச் சாப்பாடும் வீடுகளும்தான்.

மூவ் குண்டுவீச்சு விசாரணையில் வாஷிங்டன் இருந்தாரா?

இருந்தார். 1985 மே 13 அன்று பிலடெல்பியா போலீஸ், மூவ் என்ற கறுப்பினக் குழு இருந்த வீட்டின் மீது ஹெலிகாப்டரிலிருந்து குண்டு போட்டது. ஐந்து குழந்தைகள் உட்படப் பதினொரு பேர் இறந்தார்கள். 61 வீடுகள் எரிந்தன. மேயர் வில்சன் கூட் அமைத்த விசாரணைக் குழுவில் வாஷிங்டன் உறுப்பினர். மக்கள் குடியிருக்கும் வீட்டின் மீது குண்டு போட்டது மனசாட்சிக்கு ஒவ்வாதது என்று அந்தக் குழுவின் அறிக்கை சொன்னது. வாஷிங்டன் 2002இல் காலமானார்.

இப்போது ஆலயம் எப்படி இருக்கிறது? போய்ப் பார்க்கலாமா?

ஆராதனை நடக்கிறது. 1996இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் அவ்வளவு பெரிய கல் கட்டடத்தின் கூரையையும் சாளரங்களையும் பராமரிப்பது சின்ன சபைக்குப் பெரிய சுமை. 2024 ஜூலையில் குருப்பட்டத்தின் ஐம்பதாம் ஆண்டை அங்கேயே கொண்டாடினார்கள்.

வட்டாரத்தின் கவலை இப்போது வேறு. டெம்பிள் பல்கலைக்கழகம் விரிய விரிய, மாணவர் விடுதிகள் பெருகி, வாடகையும் வரியும் ஏறி, பழைய குடும்பங்கள் நகர்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் பல்கலைக்கழகம் அந்தப் பகுதியில் விளையாட்டு அரங்கம் கட்டத் திட்டமிட்டபோது, எதிர்த்த அக்கம்பக்கத்தார் கூடிப் பேசியது அட்வகேட்டில்தான். அரங்கம் கட்டப்படவில்லை.

போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது. முடிந்தால் ஞாயிறு ஆராதனைக்கே போங்கள். ஓவியங்களை அந்தச் சபை மக்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவசரமில்லாமல் பதினான்கையும், அவற்றுக்கான வசனங்களோடு.